இரண்டு கையும் வேண்டிய சொல்

நர்ஸ் இடது மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது மகள் வார்டுக்குள் வந்தாள். வலது கை ஏற்கெனவே கட்டிலின் அந்தப் பக்கத்துக் கம்பியோடு கட்டப்பட்டிருந்தது. காயத்துக்குச் சுற்றுகிற வெள்ளைத் துணிதான். நடுவில் அப்பா, மூக்கையும் வாயையும் மூடிய ஆக்சிஜன் மாஸ்க்குக்கு மேலே கண்ணை மட்டும் விழித்துக்கொண்டு கிடந்தார்.

"காலையிலேர்ந்து ஏழு தடவை மாஸ்க்கைத் தட்டி விட்டுட்டார்," என்றான் அண்ணன். கட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் அவன்தான் என்பது முகத்திலேயே தெரிந்தது. "வேற வழியில்ல பாப்பா."

முப்பத்தெட்டு வயதிலும் அவனுக்கு அவள் பாப்பாதான். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறவளுக்கு எண்களைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தலைமாட்டுத் திரையில் ஆக்சிஜன் அளவு எண்பத்தி நான்கு. இன்றைய பொழுது தாண்டாது, கையைக் காலை அசைக்க விடாதீர்கள், அசைந்தால் அந்தப் பொழுதும் குறையும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் தலையை ஆட்டினாள்.

கால்மாட்டில், அப்பாவின் ஞாயிறு கூட்டத்துக்கு வருகிற டெய்லர் நின்றிருந்தார். பிறந்ததிலிருந்து காது கேட்காதவர், பேச்சும் வராது. காலை ஆறு மணிக்கே வந்துவிட்டாராம். அவரைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாகிற அன்றைக்காவது அப்பா வீட்டு மனிதராக இருந்துவிட்டுப் போகக் கூடாதா?

அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். மூன்று ஷெட் தள்ளி நிற்பவனும் திடுக்கிட்டு ஸ்பேனரைக் கீழே போடுகிற குரல். டிப்போவில் அவர் பெயர் ஹாரன். அந்தக் குரலை நம்பித்தான் ஒரு நாள் மோசம் போனார். பின்னால் நகர்ந்து வந்த பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தான். ஓடிப்போய் இழுத்திருக்கலாம். இவர் நின்ற இடத்திலிருந்து தொண்டை கிழியக் கத்தினார். அவனுக்குக் காது கேட்காது என்பது தினமும் அவனோடு டீ குடிக்கிறவருக்கு அந்த நொடியில் மறந்துபோனது.

அடக்கம் முடிந்த வாரம், ஜெபத்தில் ஆண்டவர் தனக்கு ஒரு தரிசனம் கொடுத்தார் என்றார். சபை நிறைய ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர்கூட அவர் வாயைப் பார்க்கவில்லை, எல்லோரும் கையைப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான் தரிசனம். நாற்பத்திரண்டு வயதில், கிரீஸ் போகாத விரல்களை வைத்துக்கொண்டு சைகை மொழி படிக்கப் போனார். ஞாயிறு மதியம் சபையின் பின்கட்டில் ஆறு பேரோடு தொடங்கிய கூட்டம் அறுபது பேரானது. பாஸ்டர் பேசப் பேச இவர் கையால் சொல்வார். வீட்டிலும் அதே கூத்துதான். கையால் கேட்டால்தான் தண்ணீர் கிடைக்கும். அண்ணன் சிரித்தே தப்பித்தான். அவளுக்குப் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு வயதில் அவர் பக்கத்தில் நின்று பாட்டுகளையெல்லாம் கையால் சொல்வாள்.

அம்மா இறந்தது ஒரு ஞாயிறு மதியம். மூச்சு இழுக்கிறது, உடனே வாங்க என்று சபைக்குப் போன் செய்தவள் அவள்தான். அப்பா கடைசி ஆசீர்வாதம் வரைக்கும் கையால் சொல்லி முடித்துவிட்டுக் கிளம்பினார். வந்தபோது பத்து நிமிஷம் பிந்திவிட்டது. "பாதியில விட்டுட்டு வர முடியலம்மா, அவங்க என் கையையே பார்த்துட்டிருந்தாங்க," என்றார். அன்றைக்கு விட்டவள்தான். பதினைந்து வருடமாக அவள் ஒரு சைகை காட்டியதில்லை. மருந்து வாங்கிக் கொடுத்தாள், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள், மன்னிக்க மட்டும் இல்லை.

பாஸ்டர் வந்து தலைமாட்டில் நின்றார். ஜெபிக்கலாமா என்று கேட்டுக் கண்ணை மூடினார். அண்ணனும் மூடினான். டெய்லர் மூடவில்லை. அவர் கண்ணை மூடினால் ஜெபமே கிடையாது. அவர் அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளும் பார்த்தாள். வலது கை விரல்கள் போர்வையில் அசைந்தன. "ஆக்சிஜன் குறைஞ்சா விரல் அப்படித்தான் துடிக்கும்," என்றாள் நர்ஸ் மெதுவாக. துடிக்கவில்லை. நடுவிரல் மட்டும் மடங்கி, உள்பக்கமாக நீண்டு, எதையோ தொடத் துழாவியது. அந்தப் பக்கம் இடது உள்ளங்கை விரிந்து காத்துக்கொண்டிருந்தது. துணி இழுபட்டு நின்றது. விரல்கள் தளர்ந்தன, மறுபடி முதலிலிருந்து தொடங்கின.

அவளுக்குப் புரிந்தது. இயேசுவின் பெயர் அது. ஒரு கையின் நடுவிரல் மறு கையின் ஆணித் தழும்பு இருக்க வேண்டிய இடத்தைத் தொட வேண்டும், பிறகு அந்தக் கை இந்தக் கையை. ஒற்றைக் கையால் சொல்ல முடியாது. ஜெபத்தின் முதல் சொல்லிலேயே அப்பா மாட்டிக்கொண்டு நிற்கிறார். காலையிலிருந்து அவர் மாஸ்க்கைக் கழற்றப் பார்க்கவில்லை. டாக்டர் சொன்னதை, நர்ஸ் சொன்னதை, இங்கே பேசப்பட்ட ஒவ்வொன்றையும் கால்மாட்டில் நிற்பவருக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். தூக்கிய கை மாஸ்க்கில் பட்டிருக்கிறது.

அவள் முடிச்சில் கை வைத்தாள். அண்ணன் கண்ணைத் திறந்தான்.

"என்ன பண்ற?"

"அவர் பேசிட்டிருக்கார்ண்ணா. நாம வாயைக் கட்டி வச்சிருக்கோம்."

"கையைத் தூக்கறதுக்கு அவர்கிட்ட மூச்சு எங்க இருக்கு? அவிழ்த்தா எவ்வளவு நேரம்னு உனக்கே தெரியும்."

தெரியும். அந்த அறையில் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு தடவை தன் பக்கம் திரும்பினால் போதும், கட்டு அப்படியே இருக்கட்டும் என்றுகூட விட்டிருப்பாள். அவர் திரும்பவில்லை. டெய்லரையே பார்த்துக்கொண்டிருந்தார். வலித்தது. அம்மாவிடம் வந்து சேராத ஆள்தான். அதற்காகச் சொல்ல வந்ததைச் சொல்லவிடாமல் அனுப்புவதா?

"நீ மாஸ்க்கைப் பிடிச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு முடிச்சை அவிழ்த்தாள். மறுபக்கம் போய் அதையும் அவிழ்த்தாள். நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு மாஸ்க்கை அழுத்திப் பிடித்தான். பாஸ்டர், நிறுத்தவா என்பது போல அவளைப் பார்த்தார்.

"நிறுத்தாதீங்க. கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, அது போதும்."

இரண்டு கைகளும் நெஞ்சுக்கு மேலே வந்து சேர்ந்தன. நடுவிரல் உள்ளங்கையைத் தொட்டது. டெய்லர் தலையசைத்தார்.

எண்பத்தி ஒன்று. எழுபத்தி ஏழு. உமது உண்மையுள்ள ஊழியனை ஏற்றுக்கொள்ளும் என்றார் பாஸ்டர். அப்பாவின் கை வேலையாள் என்று மட்டும் சொன்னது. உண்மையுள்ள என்பதை விட்டுவிட்டார். மூச்சில்லாமல் விட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா, அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அழுகை வந்தது. எழுபத்தி இரண்டு.

இவருடைய பிள்ளைகளை, என்று பாஸ்டர் தொடங்கியபோது வலது கை பாதி தூரம் எழுந்து போர்வையில் விழுந்தது. இடது கை எழவே இல்லை. கண் மூடியிருந்த பாஸ்டர் மேலே சொல்லிக்கொண்டே போனார். டெய்லர் விழுந்த கைகளைப் பார்த்தபடி காத்திருந்தார்.

மகள் கால்மாட்டுக்கு நகர்ந்து, கட்டிலுக்கு முதுகைக் காட்டி, டெய்லருக்கு எதிரே நின்றாள். பிள்ளைகளை என்ற சொல்லிலிருந்து எடுத்தாள். விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஒரு சொல் தப்பாக வந்தது, திருத்திச் சொன்னாள். டெய்லரின் கண்கள் கட்டிலிலிருந்து எழுந்து அவள் கைகளுக்கு வந்தன.

முதுகுக்குப் பின்னால் இயந்திரத்தின் சத்தம் மாறியது. அண்ணன் "அப்பா" என்றான், பிறகு "பாப்பா" என்றான். அந்தச் சத்தம் என்னவென்று அவளுக்குத் தெரியும். பாஸ்டருக்கு இன்னும் நாலைந்து வாக்கியம் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.