வெள்ளிக்கிழமைச் சத்தம்

வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆத் தொழுகைக்குக் குளிக்கப் போகுமுன் ஜிப்ரி தன் மின்பிறப்பாக்கியை முடுக்கிவிடுவார். கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்பார். பிறகு நிறுத்திவிட்டுப் போவார்.

"ஒரு வெள்ளியும் தவறினதில்ல புள்ள. கூப்பிட்ட உடன ஏன் எண்டு கேக்கும்."

பிரஷாந்தி தலையை மட்டும் ஆட்டினாள். கூப்பிட்டால் ஏன் என்று கேட்பது வேறு, தோளில் சுமையை ஏற்றினால் நடப்பது வேறு. பௌதிகவியல் படித்துவிட்டு மின்பிறப்பாக்கி திருத்தும் கம்பனி ஒன்றில் சேர்ந்தவள், தனியாகப் பொறுப்பெடுத்து வந்த முதல் வேலை இது.

வவுணதீவுப் பக்கம் வாவிக்கரையில் இருந்த இறால் குளங்கள் ஜிப்ரி கட்டாரில் உழைத்த காசு. தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் சக்கரங்கள் நின்றால் இறால் மூச்சுமுட்டிச் சாகும். போன மாரியில் அப்படித்தான் ஆனது. மின்சாரம் போனது; மின்பிறப்பாக்கி உடனே ஓடியது; பிறகு தானாக நின்றுவிட்டது. விடிந்தபோது குளமெல்லாம் வெள்ளை வெள்ளையாக மிதந்தது. உப்புக் காற்று இயந்திரத்தைத் தின்றுவிட்டதென்று ஜிப்ரி முடிவுகட்டினார். அது நின்ற கொட்டிலைச் சுற்றி முன்பே கட்டியிருந்த தார்ப்பாய்ப் படங்குக்கு மேல் இன்னொரு படங்கு கட்டினார். இந்த முறையும் இறால் போனால் திரும்பக் கட்டாருக்குத்தான்.

சாரதி சதீசன் லொறியிலிருந்து, சுமை ஏற்றிச் சோதிக்கும் லோட் பேங்கை இறக்கினான். பெரிய இரும்புப் பெட்டி. உள்ளே கம்பிச் சுருள்கள், பின்னால் விசிறி. மின்பிறப்பாக்கி தருகிற மின்சாரம் எல்லாவற்றையும் வாங்கி வெப்பமாக்கி வெளியே ஊதும். வேறு ஒரு வேலையும் செய்யாது.

"அப்ப டீசல எரிச்சுக் காத்தச் சூடாக்கப் போறீங்க?"

"ஓம் காக்கா." அண்ணன் என்பதற்கு அந்தப் பக்கத்தில் அப்படித்தான்.

"அல்லாஹ்வே! கச்சான் காத்து அனலா அடிக்கிறது காணாதா?"

சதீசன் சிரித்தான். ஜிப்ரி விடவில்லை. "நேர குளத்து மோட்டருக்குக் குடுத்துப் பாத்தா என்ன?"

"பெட்டி செத்தா ஒண்டுமில்ல காக்கா. றால் செத்தா?"

ஜிப்ரி பெட்டிக்கு வழிவிட்டு விலகினார்.

பிரஷாந்தி சுமையைப் படிப்படியாக ஏற்றினாள். புகைக்குழாயின் மூட்டில் கறுப்பு எண்ணெய் கசிந்தது. சுமையில்லாமல் ஓடி ஓடிச் சேர்ந்த, எரியாத டீசல். பாதிச் சுமையை இயந்திரம் தாங்கியது. முக்காலில் வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கியது.

"காணும் புள்ள, நிப்பாட்டுங்க! நம்மட குளத்துக்கு இவ்வளவு வேணாம்."

நிறுத்தலாம். பாதிச் சுமைக்கு நல்லது என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது பொய்யும் அல்ல. ஆனால் மோட்டர்கள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது பாதி போதாது. அவள் சுமையைக் குறைக்கவில்லை. முள் சிவப்பைத் தொட்டது. இயந்திரம் தானாக நின்றது.

"ஒடச்சுப் போட்டீங்களே!"

பிரஷாந்தி வெப்பமானியைக் காட்டினாள். "நான் உடைக்கல்ல காக்கா. கூடச் சூடானதால தன்னக் காப்பாத்திக்கொண்டு நிண்டிருக்கு. போன மாரியிலயும் இப்பிடித்தான் நிண்டிருக்கும். அந்தப் படங்கில கைய வச்சுப் பாருங்க."

வைத்தார். சுட்டது. கையை இழுத்துக்கொண்டார்.

"சூடு வெளிய போக வழியில்ல. வெள்ளிக்கிழமையில சூடேற முந்தி நிப்பாட்டிருவீங்க. அதால தெரியல்ல."

ஜிப்ரி படங்கையே பார்த்தபடி நின்றார். "உப்புக்குப் பயந்து நானே மூச்ச அடச்சிருக்கன்" என்றார். கத்தியை எடுத்துவந்து கயிறுகளை அவரே அறுத்தார். வாவிக் காற்று கொட்டிலுக்குள் புகுந்தது.

இயந்திரம் ஆறியபின் பிரஷாந்தி முதலில் இருந்து தொடங்கினாள். இந்த முறை முழுச் சுமையிலும் முள் நடுவிலேயே நின்றது. குழாயில் வந்த கரும்புகை மெல்லத் தெளிந்தது. அவள் இயந்திரத்தை நிறுத்திப் பெட்டியின் வயர்களைக் கழற்றினாள்.

"இனி மெயின் கரண்டை நிப்பாட்டிப் பாக்க வேணும்."

"பெட்டி சொன்னது காணாதா?"

"பெட்டி இஞ்சினத்தான் சொல்லும். மற்ற வயரு, சுவிச்சு எல்லாம் பாக்க வேணுமே. நான் நிப்பாட்டட்டா?"

"வேணாம். நானே செய்யிறன்."

நல்ல வெயில். பாசி ஒட்சிசன் விடுகிற நேரம். கொஞ்சம் நின்றாலும் இறாலுக்கு ஒன்றும் ஆகாது. அது ஜிப்ரிக்கும் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி, சுவிட்சை இழுத்தார்.

சக்கரங்கள் தளர்ந்து நின்றன. நுரை அடங்கியது. குளங்கள் கண்ணாடி போலக் கிடந்தன. அந்த அசைவின்மையை அவர் ஒரேயொரு விடியலில்தான் பார்த்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டார்.

மின்பிறப்பாக்கி உறுமியது. முதல் குளத்துச் சக்கரம் ஒருமுறை திமிறிச் சுற்றத் தொடங்கியது. பிறகு அடுத்தது. பிறகு எல்லாம்.

ஜிப்ரி கண்ணைத் திறந்தார். "சத்தம் வேற மாதிரி இரிக்கி புள்ள. தடிச்ச சத்தம்."

"வேலை செய்யிற சத்தம் காக்கா."

சதீசன் பெட்டியை ஏற்ற லொறியைப் பின்னால் எடுத்தான். மெயினைத் திரும்பப் போடலாமா என்று பிரஷாந்தி கேட்டாள். ஜிப்ரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் பொறுங்க. இத இன்னும் கேக்க வேணும்."