வாயடைத்த டிவி

எங்கள் பாரில் ஒரு சட்டம் உண்டு. தேசிய சேனலில் எங்கள் ஊர் மில்வாக்கி அணி பேஸ்பால் ஆடும் நாளில் டிவி வாயைத் திறக்கக் கூடாது. படம் டிவியில், பேச்சு ரேடியோவில்.

காரணம் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். நியூயார்க் ஆட்டக்காரன் தும்மினால் தேசிய சேனல்காரர்கள் அதை மூன்று கோணத்தில் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். எங்கள் பையன் ஹோம் ரன் அடித்தால், பந்தை எறிந்த நியூயார்க்காரனின் முகம் எப்படி வாடிப்போனது என்று காட்டுவார்கள். பேஸ்பால் என்பதே இரண்டு மூன்று பெரிய ஊர்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று அவர்கள் நினைப்பு. எங்கள் ரேடியோக்காரர்கள் அப்படியில்லை. அவர்களுக்கு எங்கள் ஆட்டக்காரர்களின் பெயராவது ஒழுங்காக வாயில் வரும்.

ஒரே ஒரு சங்கடம், டிவியைவிட ரேடியோ சில வினாடி முந்திக்கொள்ளும். அதனால் இங்கே பந்து மட்டையில் படுவதற்கு முன்பே கைதட்டல் எழும். வெளியூர்க்காரர்கள் மிரண்டு போவார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது.

இந்தச் சட்டத்தைப் போட்டது என் அண்ணன் நார்பர்ட். பார் என்னுடையது, ரிமோட் அவனுடையது. ஒரு தேசிய வர்ணனையாளர் எங்கள் ஷார்ட்ஸ்டாப் ஆட்டக்காரனின் பெயரை ஆட்டம் முழுக்கத் தப்பாகச் சொன்ன நாளில் எழுந்து போய் மியூட்டை அமுக்கினான். அன்றிலிருந்து பேட்டையில் அவனுக்கு ஒரு மரியாதை. குழாய் ரிப்பேருக்குப் போகிற வீடுகளில்கூட அதைத்தான் விசாரிப்பார்கள்.

அப்படிப்பட்டவனின் ஒரே மகள் ஹெய்டிக்கு எங்கே வேலை கிடைத்தது என்கிறீர்கள்? அதே தேசிய சேனலில். மைக்கைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் நிற்கிற வேலை. முதல் ஆட்டமே அக்டோபர் பிளேஆஃப், கோப்பைக்கான கடைசிக் கட்டம், எங்கள் ஊரிலேயே, நியூயார்க்குக்கு எதிராக. அவளை நிறுத்தியிருந்த இடம் நியூயார்க் ஆட்டக்காரர்கள் உட்காரும் பக்கம்.

அன்று காலை அவள் போன் செய்தபோது நார்பர்ட் என் சமையலறையில் சிங்க் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் சத்தம் வச்சுக் கேளுங்கப்பா. எப்படி இருந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும். மத்தவங்க எல்லாம் பொய் சொல்லுவாங்க."

"பாக்கலாம்," என்றான்.

"பாக்க வேணாம்ப்பா. கேளுங்க."

போனை வைத்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "ஏண்ணே, பெத்த பொண்ணு கேக்குறா. 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

"நானே சட்டத்தைப் போட்டுட்டு நானே உடைச்சா, அந்த எல்ராய் என்னை இந்த ஜென்மத்துல விடமாட்டான் ட்ரூடி."

எல்ராய் பஸ் டிரைவர், அண்ணனுடைய பள்ளித் தோழன். அவன் விடமாட்டான் என்பது உண்மைதான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா இல்லாமல் வளர்ந்த பெண். அவளுக்கென்று இருப்பது இந்த ஒரு ஆள்.

ஆட்டம் பிற்பகலில் தொடங்கியது. பார் நிரம்பி வழிந்தது. நான் பிராந்தி கலப்பதும் சீஸ் பொரிப்பதுமாக ஓடிக்கொண்டிருந்தேன். இரண்டாவது இன்னிங்ஸில் ஹெய்டி திரையில் வந்தாள். நீலக் கோட்டு, காற்றில் பறக்கும் முடி. உதடு மட்டும் அசைந்தது. ரேடியோவில் யாரோ சாசேஜ் விளம்பரம் படித்துக்கொண்டிருந்தார்.

"நார்பர்ட், உன் பொண்ணு நல்லா சாசேஜ் விக்கிறாடா," என்றான் எல்ராய்.

எல்லோரும் சிரித்தார்கள். நார்பர்ட்டும் சிரித்தான். நான் ரிமோட்டுக்குக் கை நீட்டினேன். அவன் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

நான்காவது இன்னிங்ஸில் மறுபடி வந்தாள். நியூயார்க் ஆட்டக்காரன் ஒருவன் ஏதோ சொல்ல, சிரித்தாள்.

"எதிரியோட என்னடா சிரிப்பு?" என்றான் எல்ராய்.

இந்த முறை நார்பர்ட் சிரிக்கவில்லை. தன் பீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் பாரின் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "சுத்த மோசம்பா இந்த சேனல்! ஒரேயடியா மில்வாக்கிக்கு ஜால்ரா!"

பாரே திரும்பிப் பார்த்தது. நியூயார்க் தொப்பி போட்ட ஒருவன். பெயர் கார்மைன், லிப்ட் ரிப்பேர் வேலைக்காக வந்தவன். காதில் ஒயர் மாட்டி, தன் போனில் அதே சேனலைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"யாருக்கு ஜால்ரா?" நார்பர்ட் எழுந்தான். "தம்பி, திருப்பிச் சொல்லு."

"உங்களுக்குத்தான் சார். எங்களைக் கண்டாலே இவனுங்களுக்கு ஆகாது. எங்க ஊரே கரடியா கத்துது."

"உங்களைத் தலையில தூக்கி வச்சு ஆடுற சேனல்டா அது!"

"நீங்க கடைசியா எப்ப சார் கேட்டீங்க?"

நார்பர்ட் எல்ராயைத் திரும்பிப் பார்த்தான். சட்டம் போட்ட நாளிலிருந்து யார் கேட்டார்கள்?

"இந்தாங்க," என்று ஒரு பக்க ஒயரைக் கழற்றி நீட்டினான் கார்மைன்.

"வேண்டாம்," என்று நார்பர்ட் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

ஆறாவது இன்னிங்ஸில் ரேடியோ அலறியது. நாங்கள் குதித்தோம். பிறகுதான் டிவியில் பந்து வேலியைத் தாண்டிப் போனது. எங்கள் பையன் ஹோம் ரன், ஆட்டம் சமன். சத்தம் அடங்குவதற்குள் திரையில் ஹெய்டி நியூயார்க் கோச்சின் எதிரே நின்றிருந்தாள். அந்த ஆள் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தான். அவள் ஏதோ கேட்டாள், நிறுத்தினாள், மறுபடி கேட்டாள். கோட்டைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். படம் மாறிவிட்டது.

நார்பர்ட் பாதி எழுந்தவன் அப்படியே நின்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை. "போச்சு," என்றான், யாரிடமும் இல்லாமல்.

"போகலை சார்," என்றான் கார்மைன். "போன்ல எல்லாம் லேட்டாத்தான் வரும். இங்க உங்க ஆள் இன்னும் ஹோம் ரனே அடிக்கலை. அந்தக் கண்றாவியை நான் இனிமேதான் கேக்கணும்."

நார்பர்ட் பாரின் அந்தக் கோடிக்கு நடந்தான். ஓடினான் என்றே சொல்லலாம். ஒரு காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டான். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு குனிந்திருந்தார்கள்.

முதலில் வர்ணனையாளர்கள் வந்திருக்க வேண்டும். "பாத்தியா, பாத்தியா!" என்று நார்பர்ட் கத்தினான். "'இந்த வயசிலயும் எப்படி எறியறார் பாருங்க'ங்கிறான். உன் ஆளை எப்படித் தூக்குறான் பாரு!"

"அது தூக்குறதா? கிழவன்னு குத்திக் காட்டுறான் சார்!"

சட்டென்று நார்பர்ட் கையை உயர்த்தினான். கார்மைன் அடங்கினான். ஹெய்டி வந்துவிட்டாள் போல.

அண்ணன் அப்படி எதையும் உன்னிப்பாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. கண்ணை மூடியிருந்தான். எல்ராய் இங்கிருந்து, "என்னடா சொல்றா? நம்ம பக்கமா, அவனுங்க பக்கமா?" என்று கேட்டான். நார்பர்ட் அவனைப் பார்க்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்த ரிமோட்டை எடுத்து மேஜையில் வைத்தான். யாரும் அதைத் தொடவில்லை. அவன் மட்டும் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

ஒன்பதாவது இன்னிங்ஸில் நாங்கள் ஜெயித்தோம். பார் அதிர்ந்தது. எல்ராய் நாற்காலி மேல் ஏறி நின்று அழுதான். நான் யார் யாரையோ கட்டிப்பிடித்தேன். நார்பர்ட் அசையவில்லை. அவன் காதில் ஆட்டம் இன்னும் முடியவில்லை. "சத்தம் போடாதீங்கடா! கடைசியில அவ வருவா!" என்று கத்தினான். வாழ்நாள் முழுக்க எந்த வெற்றிக்காகக் காத்திருந்தானோ, அது அவனைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. அவன் ஒயரை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

கூட்டம் கொஞ்சம் குறைந்த பிறகு அவள் கூப்பிட்டாள். அவன் எப்போதும்போல் ஸ்பீக்கரில் போட்டான். நான் ரேடியோவை அணைத்தேன்.

"அப்பா, கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"நெசமாவா? சத்தம் வச்சா?"

"ஒரு நியூயார்க்காரன் போன்ல. ஒத்தைக் காதுல."

அவள் சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "சரி, சொல்லுங்க. நியூயார்க் பக்கம் சாஞ்ச மாதிரி இருந்துச்சா? எல்ராய் மாமா திட்டினாரா?"

எல்ராய் தரையைப் பார்த்தான்.

"எந்தப் பக்கம்னு நான் கவனிக்கலைம்மா," என்றான் நார்பர்ட். "அந்த உம்மணாமூஞ்சி கோச்சுகிட்ட ரெண்டாவது கேள்வி கேக்கறப்போ உனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. கடைசி வரைக்கும் சரியாகலை. என்ன ஆச்சு உனக்கு?"

அந்தப் பக்கம் மைதானத்தை யாரோ பெருக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ரொம்பப் பயமா இருந்துச்சுப்பா," என்றாள் ஹெய்டி. "நாடே கேட்டுச்சு. ஒருத்தருக்கும் தெரியலைன்னு நெனச்சேன்."