தோல் வட்டு

அப்போது கல்கத்தா பவானிபூர் வீடுகளில் இரண்டு குழாய்கள் உண்டு, கண்ணுகளா. ஒன்றில் முனிசிபாலிடி வடிகட்டி அனுப்பும் குடிதண்ணீர். மற்றதில் வாசல் கழுவ வரும் கலங்கல் ஆற்றுநீர். சீதாராமன் வீட்டில் கலங்கலைத்தான் குடித்தார்கள்.

"வடிகட்டின குழாய்க்குள்ளே ஒழுகாம இருக்கத் தோல் வட்டு வச்சிருக்கானாம். மாட்டுத்தோல் பட்ட ஜலம் மடிக்கு ஆகுமோ? இது நேரே கங்கை!" என்பாள் அவன் தாயார் அனந்தலக்ஷ்மி.

தெருவில் காலராவுக்கு மூன்று பேர் போயிருந்தார்கள். மருமகள் கோமளத்துக்கு இரண்டு வயதுக் குழந்தை. "கொதிக்க வச்சாவது குடுக்கறேனே, அம்மா" என்று கெஞ்சினாள்.

"கங்கையை அடுப்பில் ஏத்துவாளோடி?"

சீதாராமன் குடையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டான்.

ஒரு காலை கலங்கல் குழாய் ஒழுகியது. குழாய் மிஸ்திரி வந்து கழற்றியதும் உள்ளிருந்து கறுத்த தோல் வட்டு ஒன்று விழுந்தது. கோமளத்துக்கு உயிர் வந்தது.

"பாருங்கோம்மா, இதிலேயும் தோல்தான்! ரெண்டும் ஒண்ணுன்னா நல்ல ஜலத்தையே குடிக்கலாமே!"

மாமியார் அந்த வட்டைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

"அப்போ ரெண்டும் ஆகாது. இனிமே காளிகாட் கங்கைத் துறையிலேர்ந்து குடத்தில் வரட்டும்."

காளிகாட் துறையை ஒட்டித்தான் சுடுகாடு.

மறுநாள் குடம் வந்தது. தண்ணீர் குழாய்க் கலங்கலைவிடக் கறுப்பாக இருந்தது. குழந்தை தாகத்தில் "தூத்தம்" என்று கை நீட்டியது. டம்ளரும் கையுமாகக் கோமளம் நல்ல குழாயைப் பார்த்தாள். அதன் கீழே மணை போட்டு மாமியார் உட்கார்ந்திருந்தாள்.