எருக்கங்காட்டில் எரியும் பல்பு

தேவாரம் ஊருக்கு மேற்கே, கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டியிருக்கும் இருதயம்மாளின் வீடு காரில் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாது. நடந்து வருகிறவர்களுக்குத் தெரியும்; விடியுமுன் ஏலத்தோட்ட ஜீப்பில் ஒருத்தி மடியில் ஒருத்தியாக மலையேறும் பெண்களுக்கும் தெரியும். கார்க் கண்ணாடி வழியே பார்த்தால் அங்கே எருக்கஞ்செடிகள்தான் நிற்கும். ஏலக்காய் விலை ஏறிய வருடங்களில் சாலையில் கார்கள் பெருகின. பணக்கார நாடுகளின் வரிசையில் நம் நாடு மேலே போய்விட்டதாக டீக்கடை டிவி சொன்னது. அந்த வீடு இன்னும் நிறையப் பேருக்குத் தெரியாமல் போனது. ஓட்டுக் கேட்டு நடந்து வந்தவர்கள் மட்டும் தேர்தலுக்குத் தேர்தல் தவறாமல் வாசலில் நின்று கும்பிட்டார்கள். புருஷன் அமிர்தராஜுக்கு நெஞ்சுவலி வந்த அன்று ஆம்புலன்ஸ் வாசலைக் கடந்து போவதும் திரும்புவதுமாக இருந்தது. கட்டிலோடு தூக்கி ரோட்டில் வைத்த பிறகுதான் டிரைவருக்கு ஆள் தெரிந்தது. அதற்குள் அமிர்தராஜுக்கு வண்டி தேவைப்படாமல் போயிருந்தது.

அதன்பிறகு இருதயம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகள் ஜெசி பிளஸ் டூ. மாதா கோயில் வராந்தா விளக்கில் படிப்பவளை, கதவு பூட்டும் நேரம் வந்ததும் மணியடிக்கும் கோயில்பிள்ளை கிளப்பிவிடுவார். பரீட்சைக்குள் வீட்டுக்குக் கரண்டு வந்தாக வேண்டும். மனு கொடுத்தாள். மின் அதிகாரி ஆல்பர்ட் காரில் வந்தார், கண்ணாடியை இறக்காமலே பார்த்தார், 'கட்டடம் இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார். வாசலில் நின்று கத்துகிறவளும் அவருக்கு எருக்கஞ்செடிதான். அவள் ரோட்டுக்கு ஓடிவருவதற்குள் கார் வளைவைத் தாண்டியிருக்கும். மூன்று தடவையும் இதேதான். பஸ் பிடித்து ஆபீசுக்கு ஓடினாள், திரும்பித் தோட்டத்துக்கு ஓடினாள், வேலைக்கு வராத நாளுக்குக் கங்காணியிடம் ஏச்சு வாங்கினாள்.

"எறங்கி நடந்து வரச் சொல்லு ஆத்தா," என்றாள் ஜீப்பில் கூட வரும் பவுனு.

"ஆபீசரப் போயி நடங்கன்னா நடப்பாகளா? நீ வேற."

ஆனால் ஊர்த் திருவிழாவில் சப்பரம் சுற்றும் மாலையில் சாலையில் வண்டி விடமாட்டார்கள். எவ்வளவு பெரிய ஆளானாலும் கோயில் படியில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சப்பரத்தின் பின்னால் நடக்க வேண்டும். அந்த வருடம் ஆல்பர்ட் மகளுக்கு வரன் அமைய நேர்ந்துகொண்டு வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்துச் சுவர் தாண்டியதும் மெழுகுவர்த்தியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"இது எப்பக் கட்டுனது?"

"நீங்க மூணு தடவ வந்து இல்லேன்னு எழுதிட்டுப் போனீகளே, அந்த வீடுதேன் சார்," என்றாள் பின்னாலேயே வந்த இருதயம்மாள்.

"சரிம்மா. நாளைக்கு வந்து பாக்குறேன்."

நாளைக்கு என்றால் கார். காரில் வந்தால் எருக்கஞ்செடி. இருதயம்மாள் இதையெல்லாம் யோசித்துத்தான் வந்திருந்தாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு ஜோடி தோல் செருப்பை வெளியே எடுத்தாள்.

"உங்களதுதேன் சார். எழுதிக் குடுத்துட்டு மாட்டிக்கிட்டுப் போங்க."

"கோயில்ல செருப்பக் களவாண்டவள இன்னைக்குத்தேன் பாக்குறேன்," என்றாள் பவுனு. கூட்டம் சிரித்தது. பங்குச் சாமியார் சப்பரத்துப் பூவைச் சரிசெய்கிறவர்போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆல்பர்ட் சப்பர வெளிச்சத்திலேயே, அவள் நீட்டிய மனுவில் 'கட்டடம் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கம்பி இழுக்க வந்த வயர்மேன் சைக்கிளில் வந்ததால் ஒரு சிக்கலும் இல்லை.

பல்பு மட்டும் கார்க்காரர்களுக்கும் தெரிகிறது. ஏனென்று யாரும் ஆராயவில்லை. பொழுது சாய்ந்தால் எருக்கஞ்செடிகளுக்கு மேலே, ஆள் உயரத்தில், அது தனியாக எரிகிறது. காலி இடத்தில் கரண்டு வீணாகிறது என்று புகார்கள் வந்தன. ஆல்பர்ட் வாங்கி வைத்துக்கொண்டார். காரில் போகும்போது அவருக்கும் பல்பு மட்டும்தான் தெரியும். அந்த இடம் வந்ததும் ஒரு தடவை ஹாரன் அடிப்பார். எருக்கங்காட்டுக்குள்ளே ஜெசி, "படிக்கிற நேரத்துல இவரு வேற," என்று சலித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்புவாள்.