ஹெப்பகோடிக்குப் போன பூட்டு

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் இயங்கிய சிறிய இணைய நிறுவனம் அது. அங்கே தான் செய்யும் வேலை என்னவென்று ஸ்ரீராம்புரத்தில் யாரிடமும் சங்கமித்ராவால் விளக்க முடிந்ததில்லை. அம்மா கேட்டால், "இன்டர்நெட்டுக்கு வழி எழுதி வைக்கிறேன்மா" என்பாள். அதற்குமேல் பேச்சு வளராது. ஆனால் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவளுடைய முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

அவள் சொன்னது பொய்யும் இல்லை. எந்த இணைய முகவரிக்கு எந்த நிறுவனத்தின் வழியாகப் போகவேண்டும் என்று உலகத்துக்கே பொதுவான ஒரு பதிவகத்தில் எழுதப்பட்டிருக்கும். வெளிநாட்டு நெட்வொர்க்குகள் பல அதைப் பார்த்துத்தான் பாதை திறக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு காப்பாளர் உண்டு. காப்பாளரின் மின்சாவியால் ஒப்பமிட்ட மெயில் வந்தாலொழிய ஓர் எழுத்தும் மாறாது. நிறுவனத்தின் பெயரில் இருந்த ஒரே சாவி சங்கமித்ராவுடையது. "எனக்கு பாஸ்வேர்ட் எல்லாம் நிக்காது, நீயே பாத்துக்கோ" என்று முதலாளி சிவசங்கரன்தான் அதை அவளிடம் ஒப்படைத்திருந்தார்.

அந்த 2002ஆம் வருடம் ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் இருந்த வாடிக்கையாளர் ஒருவர் வேறு நிறுவனத்துக்கு மாறினார். அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் கம்பெனி. முகவரிகள் அவர்களுடைய சொந்த முகவரிகள். பதிவின் பூட்டு, அதாவது காப்பாளர் உரிமை, மட்டும் இங்கே இருந்தது. திங்கட்கிழமை புது இணைப்பில் வேலை தொடங்காவிட்டால் ஆஸ்பத்திரிகள் வேறு கம்பெனியைத் தேடிக்கொள்ளும். பூட்டை வாங்கிப்போக அவர்களுடைய இன்ஜினியர் பவுலின் வெள்ளிக்கிழமை நேரிலேயே வந்தாள்.

"ஐடி கார்டு குடுங்க" என்றாள் சங்கமித்ரா.

"அட, போன்ல பேசிப் பேசி காது புளிச்சுப் போச்சு. இன்னும் என்னைத் தெரியலயா?"

"குரல்தான் தெரியும். மூஞ்சி இப்பதான் பாக்குறேன்."

பவுலின் வாக்காளர் அட்டையை நீட்டினாள். "சிரிக்கக் கூடாது. அந்த போட்டோல எங்க மாமா மாதிரி இருப்பேன்."

சங்கமித்ரா சிரிக்காமல் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இனிப் பதிவைப் பூட்டப்போகும் பவுலினின் மின்சாவிக்கும் கைரேகை உண்டு. எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வரிசை. பவுலின் தன் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தாள். சங்கமித்ரா திரையைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள். நடுவில் டீ வந்தது. யாரும் தொடவில்லை.

வரிசை முடிந்ததும் சிவசங்கரன் அவளை உள்ளே கூப்பிட்டார்.

"ஏம்மா, யாரு உன்னை இவ்ளோ ஸ்பீடா போகச் சொன்னா? ஒரு வாரம் இழு. லைன் வேலை செய்யலன்னா தானா திரும்பி வருவான். ஊர்ல எல்லாரும் பண்றதுதானே?"

"அது அவங்க அட்ரஸ் சார். நாம சும்மா பாத்துக்கிட்டு இருந்தோம், அவ்ளோதான்."

"தெரியும், தெரியும்." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "சரி, அவங்க பேரைச் சேர்த்துக்கோ. நம்ம பேரையும் எடுக்காத. ரெண்டும் இருக்கட்டும். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, கொஞ்சம்தானே. யாருக்கு என்ன நஷ்டம்?"

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்து ஓய்ந்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பவுலின் சந்தோஷமாகப் போவாள், இவருக்கும் கோபம் வராது, அவள் நாற்காலியும் பத்திரம். ஆனால் ஒரு பதிவுக்கு இரண்டு காப்பாளர் இருந்தால், இருவரும் சேர்ந்து ஒப்பமிட வேண்டியதில்லை, ஒருவர் போதும். என்றைக்காவது இவருக்குக் கோபம் வந்தால், இங்கிருந்து போகும் ஒரே மெயிலில் ஹெப்பகோடி கம்பெனி இணைப்பின்றி இருண்டுவிடும். அந்த மெயிலில் சங்கமித்ராவின் ஒப்பம் இருக்கும்.



"நம்ம பேர் இருந்தா, குடுத்த மாதிரி ஆகாது சார்" என்றாள் கடைசியில்.

"குடுத்துட்டேன்னா, திங்கக்கிழமையில இருந்து நம்ம ராஜேஷ்குமார் இந்தச் சாவி வேலையைப் பாத்துப்பான். நீ போன் அட்டெண்ட் பண்ணு. யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டேன் சார்."

தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். காப்பாளர் என்ற வரியில் நிறுவனத்தின் பெயரை அழித்து, பவுலினின் கம்பெனிப் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே, யார் மாற்றியது என்று சொல்லும் வரியில், வழக்கம்போலத் தன் பெயரை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்த வரியைப் படிக்கலாம். கடவுச்சொல்லை அடித்து, ஒப்பமிட்டு அனுப்பினாள். பதிவகத்திலிருந்து ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்ததும் பவுலின் அவள் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று படியில் தடதடவென இறங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் யாரும் இல்லை. புது வழி பதிவில் ஏறிவிட்டதா என்று பார்க்க வந்தாள். ஏறியிருந்தது. மறுநாளிலிருந்து இந்தச் சாவி அவளுடையது அல்ல. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பதிவின் குறிப்பு வரியில் ஒரு முற்றுப்புள்ளியை மட்டும் சேர்த்து, தன் சாவியால் ஒப்பமிட்டு அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. அனுமதி இல்லை. மாற்றம் நிராகரிக்கப்பட்டது.

அதை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தபோது மேசைத் தொலைபேசி அலறியது.

"சங்கமித்ரா! நல்லவேளை, நீயே இருக்கியா?" பவுலினுக்கு மூச்சு வாங்கியது. "பதிவகத்துல இருந்து எனக்கு எச்சரிக்கை வந்திருக்கு. உன் பேர்ல யாரோ எங்க ரெக்கார்ட்ல கை வெச்சிருக்காங்க!"

"யாரோ இல்ல. நான்தான்."

"நீயா? எதுக்குடி?"

"பூட்டு பிடிக்குதான்னு இழுத்துப் பாத்தேன்."

பவுலின், ஹெப்பகோடியில் பத்துப் பேருக்குக் கேட்கும்படி கத்தினாள்: "அடிப்பாவி! இன்னொரு வாட்டி தொட்டேன்னா, உன் மேலயே கம்ப்ளெயின்ட் எழுதுவேன்!"

"எழுது" என்றாள் சங்கமித்ரா. "கண்டிப்பா எழுதணும்."