சித்தூரில் மட்டும் பிரியும் பொட்டலம்

முதலமடை நூஹு ராவுத்தருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சொன்னால், அது குறைத்துச் சொன்னதாகும். மாம்பூ உதிர்ந்தால் காற்றைத் திட்டுவார். உதிராமல் நின்றால் காய் சிறுத்துப்போகும் என்று பூவைத் திட்டுவார். ஊரில் அவர் வாயில் விழாதவர்கள் என்று பார்த்தால் ஒரே ஒரு ஆள்தான். மகன் அஜ்மல் கட்டிக்கொண்டு வந்த வண்டிப்பெரியார்ப் பெண் ரிஸ்வானா. அவளிடம் மட்டும் அவருக்குக் குரல் எழும்பாது. பயமா, பாசமா என்று அவர் மனைவி கௌலத் கேட்டால், "ரெண்டுந்தான், போ" என்பார்.

அந்த மரியாதைக்குக் காரணம் இருந்தது. போன சீசனில் எங்கிருந்தோ வந்த மாங்காயைக் கார்பைட் கல் வைத்துப் பழுக்கவைத்து, முதலமடை விவசாயிகள் சங்கத்தின் ஸ்டிக்கரை ஒட்டி எவனோ டில்லிக்கு அனுப்பிவிட்டான். சங்கத் தலைவர் நூஹு. டில்லி வியாபாரி போனில் அவரைத்தான் பிடித்துக்கொண்டார். நாட்டிலேயே முதலில் பழுக்கும் மாம்பழம் என்று பெயர் வாங்கிய மண் இது. அந்தப் பெயரைக் காறித் துப்பினால் யாருக்குத்தான் பொறுக்கும்? அன்று நூஹு சோறு உண்ணவில்லை. செய்தவன் கந்தப்பன்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். சாட்சி கிடையாது. ஆனால் முப்பது வருடம் "வாடா போடா" என்று பழகிய கூட்டாளியை அன்றிலிருந்து "வாங்க, போங்க" என்று கூப்பிட ஆரம்பித்தார். திட்டுவதைவிட அது மோசம் என்று கந்தப்பனுக்கும் தெரியும்.

இந்த சீசனுக்கு ரிஸ்வானா ஒரு வழி செய்தாள். சங்கத்துப் பெட்டிகளை அடுக்கும் ஷெட்டில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் நகத்தளவில் ஒரு பாதுகாப்புச் சிப் இருக்கிறது. அதற்குள்ளேயே ஒரு ரகசியச் சாவி பிறக்கும். அந்தச் சாவி முத்திரை போட்டால்தான் பெட்டியின் ஸ்டிக்கர் செல்லும். டில்லிக்காரர் போனைக் காட்டினால் நல்ல பெட்டிக்குப் பச்சை, கள்ளப் பெட்டிக்குச் சிவப்பு. டில்லிக்காரர் ஒத்துக்கொண்டார், ஒரு கண்டிப்போடு. "நடு சீசனில் சாவியை மாற்றினேன், கீற்றினேன் என்று வந்தால், அன்றோடு நமக்குள் வியாபாரம் இல்லை."

சங்கத்தில் ஒரு கேள்வி எழுந்தது. கம்ப்யூட்டர் கெட்டுப்போனால்? நியாயமான கேள்விதான். பக்கத்தில் இருக்கும் பாலக்காட்டுச் சித்தூரில் கணக்கு ஆபீஸ் வைத்திருக்கும் ராஜஸ்ரீயின் கம்ப்யூட்டர் துணைக்கு நிற்கட்டும் என்று பேசி முடித்தார்கள். கல்பாத்தி அக்ரகாரத்துக்காரி, யார் பக்கமும் சாயாதவள். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் முத்திரை விழக் கூடாது, ஷெட்டுச் சாவி செத்தால்தான் சித்தூர்ச் சாவி கண் திறக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். ஒருவர் மேல் ஒருவருக்கு அவ்வளவு நம்பிக்கை!

சாவி பிறந்த அன்று எல்லாரும் ஷெட்டில் கூடி நின்றார்கள். ரிஸ்வானா கறுப்புத் திரையைத் திறந்தாள். படமில்லை, பொத்தானில்லை. வெறும் எழுத்து. ஒரு வரி தட்டுவாள், அது பதில் சொல்லும், அடுத்த வரி தட்டுவாள். நூஹு அவள் தோளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன கண்ணு சொல்ற அதுகிட்ட?"

"புள்ள பொறந்ததும் காதுல பாங்கு சொல்லுவோம்ல மாமா, அந்த மாதிரி. இந்தச் சாவி பொறக்கயிலயே அது காதுல ஒண்ணு சொல்லிவிட்டேன். நீ இந்த ஊட்ட விட்டுப் போறதா இருந்தா சித்தூர்ச் சிப்புக்கு மட்டுந்தான் போகணும், வேற வாசல மிதிக்கக் கூடாதுன்னு."

"அப்பறம் மாத்திப்போடலாமா?"

"நானே நெனச்சாலும் முடியாது மாமா. பொறந்தப்ப சொன்னது சொன்னதுதான்."

சொன்னதோடு விடவில்லை. தன் சொந்த லேப்டாப்பின் சிப்பை அடையாளம் காட்டி, அதற்கு இந்தச் சாவியைப் பிரதி எடுத்துத் தா என்று ஒரு வரி தட்டினாள். சிப் முடியாது என்றது. வேறு மாதிரிக் கேட்டாள். அதற்கும் முடியாது என்றது. கடைசி வரிசையில் நின்ற கந்தப்பன் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, செஞ்ச உங்களுக்கே தராதுங்களா?"

"எனக்கே தராதுங்கய்யா."

நூஹுவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தனக்கே கிடைக்காதபடி பூட்டுப் போடுகிறவளை அவர் அன்றுதான் பார்த்தார். என் மருமகள் என்று ஷெட்டின் தகரம் அதிரக் கத்தலாம் போல இருந்தது.

பிறகு ரிஸ்வானா சித்தூர்ச் சிப்புக்கென்றே சாவியின் பிரதி ஒன்றைக் கட்டினாள். ஒரு சின்ன பைல். பொட்டலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷெட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று. மறுநாள் தங்கை ஷம்னாவின் நிச்சயத்துக்கு வண்டிப்பெரியாருக்குக் கிளம்பினாள். பஸ் ஏறும் முன்னால், அந்தப் பொட்டலத்தை ஷெட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நூஹு டீக்கடையில் இருந்தார். போன் முனகியது. பார்த்தார். சாவி! ஊர் முழுக்க இருக்கும் குரூப்பில் சாவி! கீழே முதல் ஆளாக ஒரு கட்டைவிரல் நிமிர்ந்து நின்றது. யாருடையது? கந்தப்பனுடையது.

டீ கிளாஸ் எங்கே போய் விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது இவரைப் பார்த்துச் சொன்னதுதான். குரூப்புக்கு அட்மின் அவர். ஒரே அமுக்கு, எல்லார் போனிலிருந்தும் பைல் போயிற்று. அதுவும் போதவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய், இறக்கி வைத்திருந்தவர்களைத் தன் கண் முன்னால் அழிக்க வைத்தார். கந்தப்பன் போனை நீட்டிக் காட்டினார்.

"நீங்க அழிச்சப்பவே போயிருச்சுங்க ராவுத்தரே."

"போனாச் செரிங்க," என்றார் நூஹு. ஒரு சொல்லும் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்த பென் டிரைவையும் எடுத்துக் கிணற்றில் போட்டார். கௌலத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அந்தப் புள்ள வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"என்னத்துக்குச் சொல்லோணும்? சின்னப் புள்ள, தெரியாமப் போட்டுருச்சு. மானம் போகாமக் காப்பாத்தியிருக்கறேன்."

ரிஸ்வானா திரும்பி வந்தாள். அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பெட்டிகள் டில்லிக்குப் போய்க்கொண்டிருந்தன, பச்சை விழுந்துகொண்டிருந்தது, டில்லிக்காரர் போனில் "நூஹு பாய்" என்று குழைந்தார்.

சீசன் உச்சத்தில் இருக்கும்போது கோடை மழை வந்தது. தென்மலைப் பக்கம் கறுத்து, சாயங்காலத்துக்கு முன்னால் இடி இறங்கியது. ஷெட்டுக்குப் பக்கத்துத் தென்னை பற்றிக்கொண்டது. உள்ளே பட்டென்று ஒரு சத்தம், பிறகு கருகின வாடை. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே கரி. வெளியே டிரைவர் பினுவின் லாரி பாதி ஏற்றியபடி நின்றது. செந்தூரமும் காலாபாடியுமாக மாம்பழப் பெட்டிகள் முத்திரை இல்லாமல் அடுக்கடுக்காகக் கிடந்தன.

ரிஸ்வானா பதறவில்லை. "போனாப் போகுது மாமா. இதுக்குத்தான சித்தூரு. குரூப்புல பைலு கெடக்கு, எடுத்துட்டுப் போயித் தொறந்துக்கிருவோம்," என்று போனை எடுத்தாள். தேடினாள். செய்தி நீக்கப்பட்டது என்று இருந்தது. அவள் நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தாள்.

"பென் டிரைவு அலமாரில இருக்கும்ல?"

நூஹு எப்படியோ சொல்லி முடித்தார். குரூப், தோட்டம், கிணறு, எல்லாம்.

அவள் கத்தியிருந்தால் தேவலை. கவிழ்த்துப் போட்ட ஒரு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "தெரியாமப் போடல மாமா. நாலு பேரு கையில இருக்கட்டும்னுதான் போட்டேன். யாரு வச்சிருந்தாலும் சித்தூர்ச் சிப்பத் தவிர ஒண்ணும் அதப் பிரிக்க முடியாது. களவாணி கையில இருந்தாலும் அது வெறும் பொட்டலந்தான். ஆனா யாரு கையிலயாச்சும் இருக்கணும்ல?"

"புதுசா ஒரு சாவி..."

"டில்லிக்காரக என்ன சொன்னாக?"

அவர் சொன்னது நூஹுவுக்கு மறக்கவில்லை. முதலமடையின் பெயரை அவரே கிணற்றில் போட்டிருக்கிறார். வேறு எவனும் இல்லை. மழையில் நனைந்துகொண்டு ஷெட் வாசலில் நின்றார். ஊரில் ஒவ்வொருவன் போனையும் தன் கையால் துடைத்தாயிற்று. எல்லாரும் நல்லவர்கள், சொன்னதும் அழித்துவிட்டார்கள். அழித்திருக்க மாட்டான் என்று அவர் நம்பியது ஒரே ஒருவனைத்தான்.

சட்டென்று அவர் இரண்டு கையையும் ஏந்தினார். "யா அல்லா! அந்தக் கந்தப்பன் நான் நெனச்ச மாதிரியே களவாணியா இருக்கோணும்!"

அழுகிற நிலையில் இருந்த ரிஸ்வானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இருவரும் ஸ்கூட்டரில் போனபோது கந்தப்பன் தன் கொட்டகையில், முத்திரைக்குக் காத்திருக்கும் சொந்தப் பெட்டிகளைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்தார். நூஹு வண்டியை நிறுத்தக்கூட இல்லை, பேச ஆரம்பித்துவிட்டார்.

"கந்தப்பா, ஊரெல்லாம் உன்னத் திருடன்னு சொன்னேன். இன்னைக்கு ஒரு நாளைக்கு அப்படியே இருந்துருடா. அந்த பைலு உன்கிட்ட இருக்குதா?"

ஒரு வருடம் கழித்து வந்த அந்த "டா" கந்தப்பனை அசைத்துவிட்டது. ஆனாலும் இருக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதவரா அவர்? தார்ப்பாயின் கயிற்றை முறுக்கிக்கொண்டே நின்றார்.

ரிஸ்வானா முன்னால் வந்தாள். "ஐயா, வச்சிருந்தா தப்பே இல்ல. எல்லாரும் வச்சிக்கிரட்டும்னுதான் நான் போட்டதே. நீங்க வச்சிருந்தீகன்னா, நான் சொன்னதக் கேட்ட ஒரே ஆளு நீங்கதான்."

அவர் தலைகுனியாமல் வெளியே வர, அவள் சொல்லாலேயே ஒரு கதவைத் திறந்து பிடித்தாள். நூஹு மருமகளைத் திரும்பிப் பார்த்தார். கறுப்புத் திரையில் செய்ததைவிட இது பெரிய வேலை என்று பட்டது.

அந்தக் கதவு வழியாகக் கந்தப்பன் வந்திருக்கலாம். வரவில்லை. அதற்காக அவரையும் மெச்சத்தான் வேண்டும்.

"இல்லீங்க அம்மிணி. நான் நல்லதுக்கு வெக்கலீங்க. நீங்க போட்ட அன்னைக்கே பொள்ளாச்சியில கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒருத்தனுக்கு அனுப்பிச்சுத் தொறக்கச் சொன்னேன். அவன் முட்டி மோதிப் பாத்துட்டு, இதத் தொறக்க ஒரே ஒரு சிப்புதான் இருக்குது, அது என்கிட்ட இல்லைன்னுட்டான்." நூஹுவின் பக்கம் திரும்பினார். "போன வருசத்து ஸ்டிக்கரும் நாந்தான் ராவுத்தரே. என்ற மரத்துல பூச்சி விழுந்து ஒண்ணும் நிக்கல. புத்தி கெட்டுப்போச்சு."

ஒரு வருடமாக நூஹு காத்திருந்த வார்த்தை இது. இதற்கென்று சேர்த்துவைத்த வசவு ஒரு லாரி இருந்தது. ஆனால் கிணற்றில் பென் டிரைவைப் போட்டவனுக்கு ஏது வாய்?

"போனை எட்றா," என்றார்.

பொள்ளாச்சிக்காரனுக்கு அனுப்பிய பைல் அதில் அப்படியே கிடந்தது. பினு லாரியைச் சித்தூருக்கு விட்டான். ராஜஸ்ரீ ஆபீஸைத் திறந்து வைத்திருந்தாள். ரிஸ்வானா உட்கார்ந்து, கறுப்புத் திரையில் சில வரிகள் தட்டினாள். ஷெட்டில் அவளுக்கே முடியாது என்று சொன்ன சாவி, இங்கே மறுபேச்சில்லாமல் சிப்புக்குள் போய் உட்கார்ந்தது. முதல் ஸ்டிக்கர் அச்சாகி வந்ததும் ராஜஸ்ரீ தன் போனைக் காட்டினாள்.

"பச்சை வந்துடுத்து! நூஹு சார், நன்னாப் பாருங்கோ, பச்சை!"

நூஹு பார்த்தார். கண்ணில் நீர் நின்றதால் கலங்கலாகத்தான் தெரிந்தது. சித்தூர்த் தெருவில் லாரியின் பின்கதவைத் திறந்துபோட்டு, அவரும் கந்தப்பனும் பெட்டி பெட்டியாக ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஒருவர் கோணலாக ஒட்டினால் மற்றவர் திட்டினார். பழைய மாதிரியே இருந்தது.

லாரி கிளம்பிப் போனபிறகு நூஹு கேட்டார்: "கந்தப்பன் திருடுவான்னு உனக்கு முன்னமே தெரியுமா கண்ணு?"

"எனக்கெப்படி மாமா தெரியும்? அவுக நல்லவகளா இருந்தாலும் காரியம் கெடக் கூடாது, கெட்டவகளா இருந்தாலும் கெடக் கூடாது. அப்படித்தான் கட்டினேன்." பிறகு, "நீங்க கிணத்துல போடுவீகன்னு மட்டும் நெனைக்கல. அது என் தப்புதான்," என்றாள்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நாளைக்குச் சித்தூர்க் கம்ப்யூட்டரில் ஏதாவது அழிந்துபோனால், சிப் பிழைத்திருக்கும்வரை இந்தப் பொட்டலம் மறுபடி வேண்டியிருக்கும் என்று அவள் சொன்னதும், போனை எடுத்து அவரே அந்த பைலைக் குரூப்பில் போட்டார். எல்லாரும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும், அழிப்பவன் கையை ஒடிப்பேன் என்று கீழே எழுதினார்.

முதல் ஆளாக ஒரு கட்டைவிரல் வந்து நின்றது. நூஹு அதைப் பார்த்தார். பிறகு கந்தப்பனைக் கூப்பிட்டார்.

"வந்துருச்சாடா? செரி. மறக்காம பொள்ளாச்சிக்காரனுக்கும் ஒண்ணு அனுப்பிச்சு வெய்யி."