வாய் பொத்திய பாடம்

தேஷியின் ஒரு கன்னம் வீங்கியிருந்தது. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவளுடைய அம்மா பாலர் வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டாள்.

"டீச்சர், கடவாய்ப்பல்லு சொத்தையாம். அருஷா டவுன் டாக்டரு புடுங்கணும்னுட்டாரு. வருஷம் பூரா பல் தேய்க்கச் சொல்லிக் குடுத்தீங்களே, என்னத்தச் சொல்லிக் குடுத்தீங்க?"

அனாண்டேவுக்குச் சுருக்கென்றது. இந்த வேலையில் தான் உருப்படியாகச் செய்ததாக அவள் நம்பியிருந்த ஒரே காரியம் அது.

"தினமும் தேய்க்கிறாங்கம்மா. நீங்களே பாருங்க. பிள்ளைங்களா, பிரஷ் எடுங்க!"

எடுத்தார்கள். அத்தனை பேரும் இடது கையால் வாயைப் பொத்தினார்கள். பொத்திய கைக்குள் பிரஷை நுழைத்து, உதட்டைச் சரியாகப் பிரிக்காமலே, முன்பல்லை மட்டும் சரக் சரக்கென்று தேய்த்தார்கள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி அடக்கமாகத் துப்பினார்கள்.

தேஷியின் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "என்ன கூத்து இது! பல் தேய்க்கிறீங்களா, திருட்டு வாழப்பழம் திங்கிறீங்களா?"

"டீச்சர் இப்படித்தான் தேய்ப்பாங்க" என்றான் வரிசையில் நின்ற லோத்தி.

உண்மைதான். தான்சானியாவின் இந்த மேரு மலைப் பக்கத்தில் ஃப்ளூரைடு மிகுந்த தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பால்பல் விழுந்து முளைக்கும் பல் பழுப்பாகத்தான் முளைக்கும், தேய்த்தாலும் போகாது. தேஷியின் அம்மா அந்தப் பழுப்பு முழுவதையும் காட்டித்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். அனாண்டேவும் அப்படிச் சிரித்தவள்தான். ஆசிரியப் பயிற்சிக்குத் தார் எஸ் சலாம் நகரத்துக்குப் போனபோது விடுதிப் பெண்கள், "உங்க ஊர்ல சேத்தையாடி திங்கிறீங்க?" என்று கேட்டார்கள். அன்றைக்கு வாய்க்குப் போன கை இன்னும் இறங்கவில்லை. பயிற்சியில் படித்ததில் பாதி மறந்துபோயிற்று. இதை மட்டும் ஒரு பிள்ளை விடாமல் கற்றுக்கொடுத்திருக்கிறாள். அவள் வகுப்பில் எல்லோரும் தேறிய ஒரே பாடம்.

தேஷி முனகினாள். ஒரு பல் போகப்போகிறது. வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்கும் கடவாய்ப்பல் இருக்கிறது.

அனாண்டே தன் பிரஷை எடுத்தாள். இடது கை தானாக மேலே எழுந்தது. அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பாவாடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"கிட்ட வந்து பாருங்க." வாயைத் திறந்தாள்.

ஒரு 'சீ'க்காகக் காத்திருந்தாள். சின்னத் தலைகள் முட்டிமோதிக்கொண்டு எட்டிப் பார்த்தன.

"டீச்சர், பின்னாடி சோளத்தோலு மாட்டியிருக்கு!"

"எங்கடா? நகரு, எனக்குத் தெரியல!"

நிறத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரவர் வீட்டில் அப்பா, அம்மா எல்லோருக்கும் அதே நிறம். அதில் பார்க்க என்ன இருக்கிறது? இத்தனை காலம் கையை வைத்து மறைத்ததை யாரும் சீண்டக்கூட இல்லை. மறைத்திருக்க வேண்டியது சோளத்தோலை.

"இன்னும் உள்ள டீச்சர்" என்றாள் தேஷி, அம்மாவின் இடுப்பிலிருந்து எக்கி. "அங்கதான் எனக்கு வலிக்குது."

அனாண்டே பிரஷைக் கடைசிப் பல்வரைக்கும் விட்டாள். பழக்கமில்லாத இடம். குமட்டிக்கொண்டு வந்தது.

"ம், மத்ததுங்க பல்லாவது தப்பிக்கட்டும்" என்றாள் தேஷியின் அம்மா. "தேய்ங்க டீச்சர், நிறுத்தாதீங்க."